கிரேட் 8 பியானோவுக்கு மூன்று மாதம்: எதைச் செய்வது, எதை விடுவது?

வாசகர் கேள்வி – பியானோ டீச்சர் பதில்

இந்த முறை பியானோ பரீட்சை பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். கடிதங்களில் வருகிற ஏபிஆர்எஸ்எம் என்பது இங்கிலாந்தின் இசைப் பரீட்சை அமைப்பு. அதன் பிராக்டிகலில் ஏ, பி, சி என்ற மூன்று பட்டியலிலிருந்தும் ஒவ்வொரு பீஸ் வாசிக்க வேண்டும், அதோடு ஸ்கேல் (சுர வரிசைகள்), சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத இசைத்தாளைப் பார்த்த உடனே வாசிப்பது), ஓரல் (காதால் கேட்டுப் பாடுவதும் சொல்வதும்) இவையும் உண்டு. ஹட்டனிலிருந்து வந்த கடிதம் நீளமானது, அதற்கு என் பதிலும் நீளம்தான். அதே நிலைமையில் இருக்கிற பலருக்கு அது உதவும் என்று நம்புகிறேன்.

கேள்வி: டீச்சர், நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் சேர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குப் பியானோ வாசிப்பதும் நான்தான். ஏபிஆர்எஸ்எம் கிரேட் 7 முடித்துவிட்டு இப்போது கிரேட் 8 பிராக்டிகலுக்குக் காசு கட்டியிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்தான். வீட்டில் 61 கீ உள்ள கீபோர்ட் மட்டும் இருக்கிறது, சேர்ச் பியானோவைப் புதன் பின்னேரமும் சனிக்கிழமையும் தொடலாம். பாடசாலை, பாடக்குறிப்பு, வீட்டு வேலை எல்லாம் போக நாளைக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தால் பெரிய விஷயம். ஏ பட்டியலில் எடுத்த மூன்று குரல் ஃபியூக் (ஒரே மெட்டு ஒவ்வொரு குரலிலும் மாறி மாறி வருகிற பீஸ்) அரைகுறையாக நிற்கிறது. பி பீஸ் நன்றாக வரும், மனசுக்கு ஆறுதலாக இருப்பதால் தினமும் அதை முதலில் வாசித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். சி பீஸில் இடக்கை கீழே ஒக்டேவ் (ஒரே சுரம் கீழும் மேலும் சேர்ந்து) அடித்துவிட்டு மேலே கோர்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற சில நோட்டுகளுக்கு) பாய்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் விழுகிறேன், அதற்குப் பிறகு வரும் பாதியை இன்னும் தொடவே இல்லை. ஸ்கேல் என்றால் பயம், ஓரலில் பாடுவதற்கு அதைவிடப் பயம். "காசு கட்டியாச்சு, போய்ச் செய்திட்டு வா" என்கிறார் அம்மா. போகவா, விடவா?
– பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: போங்கள் தங்கச்சி. ஆனால் இப்போது பழகுகிற மாதிரியே மூன்று மாதமும் பழகப்போகிறீர்கள் என்றால் போக வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஒரு மணித்தியாலம் என்ற கணக்கு இல்லை, அந்த ஒரு மணித்தியாலத்தை ஏற்கெனவே வருகிற பீஸில் தொடங்குகிறீர்கள் என்பதுதான். நேரம் குறைவாக இருக்கிறவர்கள் எல்லாரும் செய்வது இதைத்தான்: களைத்து வந்து உட்கார்ந்ததும் கைக்கு இதமாக இருப்பதை வாசிப்பது, பிறகு கஷ்டமான பீஸை முதல் பாரிலிருந்து (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த முதல் தாளக் கட்டத்திலிருந்து) ஆரம்பித்து விழுகிற இடம் வரை போவது, விழுந்ததும் திரும்ப முதலிலிருந்து வருவது. இப்படி வாசித்தால் முதல் பக்கம் பளபளவென்று இருக்கும், மூன்றாம் பக்கம் பரீட்சை அன்றைக்கும் புதுசாகத்தான் இருக்கும்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பாருங்கள், ஏனென்றால் எதை விடலாம் என்று அதுதான் சொல்லும். மொத்தம் 150. சித்திக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. பீஸ் ஒவ்வொன்றுக்கும் 30 வீதம் 90, ஸ்கேலும் ஆர்பெஜியோவும் (கோர்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது) 21, சைட் ரீடிங் 21, ஓரல் 18. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகச் சித்தியடைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கூட்டுத்தொகை 100 வந்தால் போதும். இப்போது உங்கள் நிலைமையை இதில் வைத்துப் பாருங்கள். நன்றாக வருகிற பி பீஸில் இன்னும் ஒரு புள்ளி கூட்டுவதற்கு வாரக்கணக்காக மெனக்கெட வேண்டும், ஆனால் பாதியில் நிற்கிற சி பீஸையும் தொடாமல் வைத்திருக்கிற ஓரலையும் ஒழுங்காகப் பழகினால் அதே நேரத்தில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். பீஸ்கள் மூன்றும் சுமாராக 22 வீதம் வந்தால் 66, மிச்சம் 34 புள்ளியை ஸ்கேல், சைட் ரீடிங், ஓரல் மூன்றிலும் சேர்த்து எடுத்தால் சித்தி. அந்த மூன்றுக்கும் மொத்தம் 60 புள்ளி இருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் "ஓரலை விடுவோம், பீஸில் பிடித்துக்கொள்வோம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதனால் பி பீஸை இனிக் கிழமைக்கு இரண்டு தடவை மட்டும் தொடுங்கள், அதுவும் சேர்ச் பியானோவில், கடைசி பத்து நிமிடத்தில். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கடைசி மூன்று கிழமையில் அதைத் திரும்ப எடுத்தால் போதும், தெரிந்த பீஸ் எங்கேயும் ஓடிவிடாது.

அப்புறம் சி பீஸ். அந்த இடக்கைப் பாய்ச்சலை எடுத்துக்கொள்வோம். வலக்கையை மடியில் வைத்துவிடுங்கள். ஒக்டேவை அடியுங்கள், அடித்த உடனேயே கண் கோர்டின் இடத்துக்குப் போக வேண்டும், கை அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். கை போய்ச் சேர்ந்ததும் கீயை அழுத்தாதீர்கள். விரல்கள் கோர்டின் வடிவத்தில் கீகளைத் தொட்டபடி சத்தமில்லாமல் நிற்கட்டும். சரியான கீயில்தான் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். சரி என்றால் அழுத்துங்கள், பிழை என்றால் அழுத்தாமல் திருத்திவிட்டுத் திரும்ப ஒக்டேவிலிருந்து போங்கள். இந்த இரண்டு அடி மட்டும்தான் பயிற்சி. பாய்கிற வேகம் எப்போதும் பரீட்சை வேகம், காத்திருக்கிற நேரம்தான் நீளம், பிறகு அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தொடர்ந்து சரியாக வர ஆரம்பித்ததும் முன்னால் ஒரு பாரையும், பின்னால் அடுத்த பாரின் முதல் நோட்டையும் சேர்த்து வாசித்து அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த பாரின் முதல் நோட்டைச் சேர்ப்பது முக்கியம், ஏனென்றால் அநேகமானவர்கள் தடுக்கி விழுவது ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்குக் கடக்கிற இடத்தில்தான். அதற்குப் பிறகுதான் வலக்கை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் டியூக் என்பவரும் அவருடைய குழுவும் பியானோவை முதன்மைப் பாடமாகப் படிக்கிற 17 மாணவர்களிடம் ஒரே கடினமான பகுதியைக் கொடுத்துப் பழகவிட்டு, அடுத்த நாள் வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2009இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பழகியவர்களும் இல்லை, அதிக தடவை வாசித்தவர்களும் இல்லை. பிழை வந்த இடத்தில் உடனே நின்று, அது எங்கே ஏன் வருகிறது என்று கண்டுபிடித்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, திருந்தி நிலைக்கும்வரை அந்தத் துண்டை விடாமல் வாசித்தவர்கள்தான் முன்னால் வந்தார்கள். ஒரு மணித்தியாலம் மட்டும் உள்ள உங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

சி பீஸின் தொடாத பாதியைக் கடைசி எட்டு பாரிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கடைசி எட்டு, பிறகு அதற்கு முந்திய எட்டு, இப்படி. அப்படிப் படித்தால் வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள், தெரியாத இடத்தை நோக்கிப் பயந்து பயந்து போக மாட்டீர்கள். புதிதாகப் படிக்கிற ஒவ்வொரு பாருக்கும் முதல் நாளே விரல் எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள், எழுதிய பிறகு மாற்றாதீர்கள். நேரம் குறைந்த ஆளுக்கு இன்றைக்கு 3ஆம் விரல், நாளைக்கு 4ஆம் விரல் என்று வாசிப்பது பெரிய நட்டம்.

ஃபியூக் விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன், இதில் ஓரலும் சேர்ந்து நடக்கும். மூன்று குரலில் ஒன்றை நீங்கள் வாயால் பாடுங்கள், மற்ற இரண்டையும் வாசியுங்கள். முதலில் மேல் குரல், அது சுலபம். பிறகு கீழ்க் குரல். நடுக் குரலைப் பாடிக்கொண்டு மற்ற இரண்டையும் வாசிக்க முடிந்தால் அந்தப் பக்கம் உங்களுடையது. கிரேட் 8 ஓரலில் எக்ஸாமினர் மூன்று குரலில் வாசிப்பதைக் கேட்டு அடிக் குரலைத் திருப்பிப் பாட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும், அடுத்ததில் மேல் குரலை அவர் வாசிக்க, தாளைப் பார்த்துக் கீழ்க் குரலைப் பாட வேண்டும். ஃபியூக்கை இப்படிப் பழகினால் இரண்டுக்கும் காது தானாகத் தயாராகிறது. ஃபியூக்கின் கருப்பொருள் திரும்பத் திரும்ப வருகிற இடங்களை எல்லாம் கலர் பென்சிலால் குறித்து, அந்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் திடீரென்று தொடங்கப் பழகுங்கள். பரீட்சையில் கை தடுமாறினால் அடுத்த குறிக்குத் தாவிப் போய்விடலாம். இந்த ஏற்பாடு இல்லாதவர்கள்தான் முதல் பாருக்குத் திரும்பி ஓடுகிறார்கள்.

இனி கீபோர்ட். 61 கீ என்றால் ஐந்து ஒக்டேவ், சி-யில் தொடங்கி சி-யில் முடியும். இரண்டு கையும் ஒரு ஒக்டேவ் இடைவெளியில் நான்கு ஒக்டேவ் ஸ்கேல் வாசிக்க சி-க்கு மட்டும் சரியாக இடம் இருக்கும், மற்றவற்றுக்குக் காணாது. அதனால் வீட்டில் இரண்டு அல்லது மூன்று ஒக்டேவோடு நிறுத்துங்கள், விரல் மாறுகிற இடங்களைப் பழகிக்கொள்ள அது போதும். முழு நான்கு ஒக்டேவை சேர்ச்சில் வாசியுங்கள். கீபோர்டில் செய்யக்கூடியவை நோட்டு, விரல் எண், மனப்பாடம், சைட் ரீடிங், ஓரல் இவ்வளவும். கனமில்லாத கீயில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தோ பெடல் வைத்தோ பழகுவது வீண், பியானோவில் போய் அதை எல்லாம் திரும்பப் பழக வேண்டிவரும். புதனும் சனியும் சேர்ச்சுக்குப் போனால் தொனி, பெடல், வேகம், முழு ஸ்கேல் இவற்றை மட்டும் பாருங்கள், அங்கே போய் உட்கார்ந்து நோட்டுத் தேடாதீர்கள்.

ஸ்கேலைப் பற்றி ஒன்று. 2021 பாடத்திட்டத்திலிருந்து ஸ்கேல்களின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைவு. உங்களிடம் இருப்பது பழைய புத்தகம் என்றால் இணையத்தில் இப்போதைய பட்டியலைப் பார்த்து, கேட்காததைப் பழகிக்கொண்டிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, நாளைக்கு ஆறு சீட்டு எடுத்து வாசியுங்கள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது ஒரு பக்கம், வராதது மறுபடி டப்பாவுக்குள். எக்ஸாமினர் கேட்பதும் அப்படி முன்னறிவிப்பு இல்லாமல்தான்.

உங்களுக்கு சேர்ச்சில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நீங்கள் பரீட்சையோடு சேர்த்து யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான்கு குரலில் அச்சான ஆங்கிலப் பாமாலைப் புத்தகம் அநேகமான பழைய சேர்ச்சுகளில் கிடக்கும். தினமும் தெரியாத ஒரு பாமாலையைத் திறந்து ஐந்து நிமிடம். முதலில் அரை நிமிடம் பார்வை மட்டும், பரீட்சையிலும் அரை நிமிடம்தான் தருவார்கள், அதற்குள் வாசித்தும் பார்க்கலாம். அந்த அரை நிமிடத்தை முதல் வரியை அழகாக வாசித்துப் பார்ப்பதில் செலவழிக்காமல் எந்த ஸ்கேலில் எழுதியிருக்கிறது, தாளம், நடுவில் வருகிற ஆகக் கஷ்டமான இடம் இவற்றைப் பாருங்கள். பிறகு மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் வாசியுங்கள். பிழை போனால் போகட்டும், தாளம் நிற்கக்கூடாது. வாசித்து முடிந்ததும் கடைசி இரண்டு கோர்டையும் திரும்ப வாசித்து அது என்ன கேடன்ஸ் (வரி முடிகிற விதம்) என்று சத்தமாகச் சொல்லுங்கள், ஓரலில் அதையும் கேட்பார்கள். பாமாலை முடிந்ததும் பாடுகிற "ஆமென்" இருக்கிறதே, அது பிளேகல். ஞாயிறு தவறாமல் வாசிக்கிறீர்கள், காதுக்கு அது ஏற்கெனவே தெரியும். பெர்ஃபெக்ட் முற்றுப்புள்ளி மாதிரி முடியும், இம்பெர்ஃபெக்ட் முடியாமல் நிற்கும், இன்டரப்டட் முடியப்போகிறது என்று நம்பவைத்து வேறு பக்கம் திரும்பும்.

பஸ்ஸில் போய்வருகிற நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை நீங்கள். பீஸின் பிரதியை மடியில் விரித்து, கையை அசைக்காமல், ஒவ்வொரு நோட்டையும் எந்த விரல் அடிக்கிறது என்று மனதுக்குள் வாசித்துக்கொண்டு போங்கள். 1995இல் அல்வாரோ பஸ்குவால்-லியோன் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஒரு குழு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கையால் வாசித்தது, இன்னொரு குழு அதே நேரம் கீயை அழுத்தாமல் மனதால் மட்டும் வாசித்தது. விரலசைவுக்கான மூளைப் பகுதியில் வந்த மாற்றம் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி இருந்தது. வாசிப்பில் கையால் பழகியவர்கள்தான் முன்னால், ஆனால் மனதால் பழகியவர்கள் ஒரே ஒரு தடவை கையால் பழகியதும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பாடசாலைக்குப் போகிற பாதையில் சி பீஸின் எட்டு பாரை இப்படிச் செய்துவிட்டு அன்று பின்னேரம் கீபோர்டில் உட்கார்ந்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அந்த ஒரு மணித்தியாலத்தையும் ஒரே இருப்பில் முடிக்க வேண்டாம். விடிய இருபது நிமிடம், இரவு நாற்பது நிமிடம் என்று பிரியுங்கள். பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு என்றால் ஹெட்போன் போடுங்கள். கஷ்டமான துண்டை இரவில் பழகிவிட்டுத் தூங்கினால் காலையில் அது கொஞ்சம் திருந்தியிருக்கும், தூக்கத்தில் மூளை அந்த வேலையைத் தொடர்கிறது. நம் பக்கத்துக் காலைக் குளிரில் விறைத்த கையோடு நேரே ஒக்டேவுக்குப் போகாதீர்கள். வெந்நீரில் கையை வைத்து எடுத்து, மெதுவான ஸ்கேலில் தொடங்குங்கள். முன்னங்கையில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், வலியோடு வாசித்துப் பழகியவர்கள் பரீட்சைக்கு முன்பே கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கும்போது சி பீஸை முக்கால் வேகத்திலாவது நிற்காமல் முடிவு வரை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதே பட்டியலில் கைக்குச் சுலபமான வேறொன்றுக்கு மாறுவதா அல்லது அடுத்த பருவத்துக்குத் தள்ளுவதா என்று உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து அன்றே முடிவெடுங்கள். இந்த முடிவைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளாதீர்கள். கட்டிய காசு போய்விடும் என்று அம்மா கவலைப்படுவது நியாயம்தான், ஆனால் வாசிக்க வராத பீஸோடு போனாலும் அந்தக் காசு போனதுதான்.

எல்லாம் சரியாகப் போனால் கடைசி மூன்று கிழமையில் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். சனிக்கிழமைகளில் பாடற்குழுப் பிள்ளைகளையோ அம்மாவையோ உட்காரவைத்து முழுப் பரீட்சையையும் ஒருமுறை நடத்துங்கள், பிழை விட்டாலும் நிற்காமல். பீஸ் முதலில், ஸ்கேல் பிறகு என்று ஒழுங்கு மாற்றியும் பாருங்கள், எந்த வரிசையில் செய்வது என்பதைப் பரீட்சையில் நீங்களே தெரிவு செய்யலாம். எந்தப் பகுதியில் தொடங்கினால் கை நடுக்கம் அடங்குகிறது என்று அப்போது தெரிந்துவிடும். நிலையம் கொழும்பில் என்றால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். கினிகத்தேனை, கித்துல்கல பாதையில் மழைக்காலத்தில் எங்கே மண் சரியும் என்று யாராலும் சொல்ல ஏலாது. அன்று காலையில் ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கையோடு ஃபியூக் வாசிப்பதும் கஷ்டம்.

கேள்வி: எங்கள் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருடம். கிரேட் 8ஐ வீடியோவில் பதிவு செய்து அனுப்புகிற முறையில் செய்யலாம், ஸ்கேல், ஓரல் எதுவும் இல்லை, நேரம் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். அது மதிப்புக் குறைந்த சான்றிதழா?
– ஒரு தாய், நுவரெலியா

பதில்: மதிப்புக் குறைந்ததில்லை. ஏபிஆர்எஸ்எம் 2020இல் கொண்டுவந்த பெர்ஃபோமன்ஸ் கிரேட் அது, பிராக்டிகலோடு ஒரே தரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நான்கு பீஸ், ஒவ்வொன்றுக்கும் 30, முழு நிகழ்ச்சியாகப் பார்க்கையில் எப்படி இருந்தது என்பதற்கு இன்னுமொரு 30. கிரேட் 5 தியரி இதற்கும் வேண்டும், அதுவோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கிற வேறொரு கிரேட் 5 பரீட்சையோ இல்லாமல் 6, 7, 8 எதற்கும் போக முடியாது.

ஆனால் நேரம் மிச்சம் என்பதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். கிரேட் 8 தரத்தில் நான்காவது பீஸ் ஒன்றைப் பரீட்சைக்கு ஏற்றமாதிரித் தேற்றுவது லேசான வேலை இல்லை. நான்கையும் இடையில் வெட்டாமல் ஒரே பதிவாக வாசிக்க வேண்டும், மூன்றாவதில் ஒரு பெரிய தடுமாற்றம் வந்தால் திரும்ப முதலிலிருந்து. மகன் முன்பே நன்றாக வாசித்துவைத்த பீஸ் ஒன்று அந்தத் தரத்தில் கையில் இருக்கிறது என்றால் தயங்காமல் இதில் போகட்டும், இல்லாவிட்டால் பிராக்டிகலே நல்லது. நல்ல பியானோ, சத்தமில்லாத அறை இரண்டும் கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, மழை பெய்கிற மாதத்தில் பதிவு செய்வது பெரும்பாடு, வெயில் காலத்தில் காலை நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தியரி இன்னும் முடிக்கவில்லை என்றால் டிரினிட்டி என்ற இன்னொரு பரீட்சை அமைப்பைப் பற்றியும் விசாரியுங்கள். அங்கே கிரேட் 8க்குத் தியரி முன்நிபந்தனை இல்லை. மொத்தம் 100, சித்தி 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. சைட் ரீடிங் கட்டாயம், அதோடு ஓரல் அல்லது இம்ப்ரொவைசேஷன் (அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பது), இரண்டில் ஒன்று.

எந்தப் பக்கம் போனாலும், சாதாரண தரம் முடியும்வரை பியானோவைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். நாளைக்கு இருபது நிமிடம் விட்டுக்கொடுங்கள். கிரேட் 8 மட்டத்துக்கு வந்த கை மாதக்கணக்கில் சும்மா இருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவரப் படுகிற பாடு அதிகம்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுவேன், ஆனால் ஓரலில் பாடச் சொன்னால் எனக்கு வராது என்று பயம். குரலுக்குப் புள்ளி உண்டா?
– வாசகி, கம்பளை

பதில்: குரலின் இனிமைக்குப் புள்ளி இல்லை, சுருதியும் தாளமும்தான் பார்ப்பார்கள். "லா" என்றோ "ஆ" என்றோ பாடலாம், முணுமுணுக்கவும் செய்யலாம். சுருதி நிற்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, மற்றப் பிள்ளைகளை விட நீங்கள் ஒரு படி மேலே. கவனிக்க வேண்டியது கமகம் மட்டும்தான். பியானோ கீயை அழுத்தினால் வருகிற சத்தம் மாதிரி ஒவ்வொரு நோட்டும் நேராக, அசைக்காமல் நிற்க வேண்டும். உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது ஒரே நேரத்தில் கேட்கிற இரண்டு மூன்று குரலில் கீழ்க் குரலைப் பிரித்துக் கேட்பது, அதற்கு ஹட்டன் தங்கச்சிக்கு மேலே எழுதிய ஃபியூக் வழியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து அப்ரைட் பியானோ. மழை தொடங்கினால் சில கீகள் அமுங்கியபடியே நிற்கின்றன. எண்ணெய் விடலாமா? இரண்டு மாதத்தில் பரீட்சை.
– வாசகர், பண்டாரவளை

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். மரமும், கீக்கு அடியில் ஆணியைச் சுற்றியிருக்கிற ஃபெல்ட் துணியும் ஈரத்தைக் குடித்து உப்பிவிடுவதால்தான் கீ சிக்குகிறது, எண்ணெய் விட்டால் ஃபெல்ட் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பியானோ திருத்துபவரைக் கூப்பிட்டால் அந்த இடத்தைக் கொஞ்சம் இளக்கித் தருவார், அது சின்ன வேலை. பியானோ வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிறது என்றால் உள் சுவருக்கு மாற்றுங்கள், வெயில் நேரே படுகிற ஜன்னலும் கூடாது. வாசிக்காத நேரம் மூடி வையுங்கள், மூடுபனி வருகிற பின்னேரங்களில் அந்த அறையின் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

ஈரம் கூடினால் சவுண்ட்போர்ட் (கம்பியின் ஒலியைப் பெரிதாக்குகிற மரப்பலகை) உப்பிச் சுருதியும் ஏறும், காய்ந்தால் இறங்கும், அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை டியூன் செய்ய வேண்டும். நீண்ட காலம் டியூன் செய்யாத பியானோ என்றால் ஒரே தடவையில் நிற்காது, முதல் டியூனுக்குப் பிறகு சில கிழமையில் திரும்ப ஒருமுறை வேண்டிவரும். அதனால் இந்தக் கிழமையே ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் கம்பியையும் சுருதி ஆணிகளையும் நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டனார் காலத்துப் பியானோவை முழுச் சுருதிக்கு ஏற்றலாமா, கொஞ்சம் கீழேயே விடுவதா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழேயே விடவேண்டி வந்தால், ஓரல் பழகுவதை மட்டும் சுருதி சரியாக உள்ள கீபோர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.